ஐஸ் கட்டியில் வெங்காய வாடை: தண்ணீரா, ட்ரேயா, ஃப்ரிட்ஜா?

மாடிவீடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் போடும் ஐஸ் கட்டியில் வாடை வருகிறது. சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் எங்கள் வீட்டில் இப்போது இது பெரிய விஷயம். அம்மாவுக்குக் கீமோ சிகிச்சை நடக்கிறது. மருந்து ஏறும் நேரத்தில் வாயில் ஐஸை அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறையும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலும் வாய் உலரும்போது ஒரு துண்டு கேட்பார். வாயில் வைத்ததும் முகம் சுளித்துத் துப்பிவிடுகிறார். வெங்காய வாடை அடிக்கிறதாம். கட்டியாக இருக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டம்ளரில் போட்டு உருகவிட்டு முகர்ந்தபோது எனக்கும் தெரிந்தது. ஏற்கெனவே எந்த வாடையும் அவருக்குக் குமட்டுகிறது. ஐஸ் ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது.

விவரம் சொல்கிறேன். இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், மேலே ஃப்ரீசர். ட்ரே சிலிகான், மூடி கிடையாது. வளைத்தால் கட்டி சுலபமாகக் கழன்று வரும் என்று வாங்கியது. கட்டிகளை ட்ரேயிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது எடுப்போம். தண்ணீர் ஃபில்டர் தண்ணீர்தான், குடிக்கும்போது நன்றாகவே இருக்கிறது. ஃப்ரீசரில் வெங்காயம் வைப்பதே இல்லை. கீழ்ப்பகுதியில் நறுக்கிய பாதி வெங்காயம் ஒரு கிண்ணத்தில் தட்டு போட்டு மூடி இருக்கும், அரைத்த பூண்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். கீழே இருப்பதன் வாடை மேலே எப்படிப் போகும் என்றுதான் புரியவில்லை.

இன்னொன்று: சில நாள் கிடந்தால் கட்டிகள் ஓரம் தேய்ந்து சின்னதாகிவிடுகின்றன. இதற்கும் வாடைக்கும் சம்பந்தம் உண்டா?

இரவுப்பணி

ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைக் கொட்டி ஃப்ரீசரில் திறந்து வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ட்ரேயை வினிகர் விட்டுக் கழுவிவிடுங்கள். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

பழைய மெக்கானிக்

தங்கச்சி, அம்மா நல்லபடியாகத் தேறி வரட்டும். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழிலில் இருந்தவன். ஐஸில் வாடை என்று கூப்பிட்ட வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். அநேகமாக எல்லா வீட்டிலும் முதலில் சோடாவை வைத்திருப்பார்கள், அடுத்து புது ட்ரே வாங்கியிருப்பார்கள், அதற்கும் அடுத்துதான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன்னால் வாடை எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுங்கள். தண்ணீரோடு வரலாம், ட்ரேயிலிருந்து வரலாம், ஃப்ரிட்ஜுக்குள் சுற்றும் காற்றிலிருந்து வரலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் செய்தால் பாதி சரியாகி மறுபடி ஆரம்பிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். ஒரே பாத்திரத்துத் தண்ணீரை நாலாகப் பிரியுங்கள். ஒரு பங்கை மூடிய டம்ளரில் வெளியே வையுங்கள், அது உறைய வேண்டாம். ஒரு பங்கை இறுக மூடும் சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அதனால் தலைதட்ட ஊற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மூன்றாவது பங்கை உங்கள் சிலிகான் ட்ரேயில் ஊற்றி, அந்த ட்ரேயை ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். அந்த டப்பாவில் வாடை இல்லை என்று முதலில் முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். நாலாவது பங்கு, வேறொரு சில்வர் கிண்ணத்தில், திறந்தபடி, வழக்கமாக ட்ரே இருக்கும் இடத்தில். மறுநாள் எல்லாவற்றையும் தனித்தனி சுத்தமான டம்ளரில் போட்டு, மூடி, அறைச் சூடு வரும்வரை உருகவிட்டு முகருங்கள். குளிர்ச்சியில் வாடை அடங்கிக் கிடக்கும், சூடு ஏறினால்தான் வெளியே வரும். அம்மாவின் வாய்ச் சூட்டில்தான் அது கிளம்புகிறது. கட்டியை முகர்ந்தபோது உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

வெளியே வைத்த தண்ணீரிலேயே வாடை இருந்தால் தண்ணீர்தான் காரணம். மூடிய சில்வர் டப்பா சுத்தமாக இருந்து, டப்பாவுக்குள் வைத்த சிலிகான் ட்ரே மட்டும் நாறினால் ட்ரே. திறந்து வைத்த கிண்ணத்தில் வாடை வந்தால் காற்று. இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கலாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. கீழே இருக்கும் வெங்காயம் மேலே எப்படிப் போகிறது? ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் குளிர்விக்கும் காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டுக்குள் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி. காயில் மேல் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு சின்னத் திறப்பு வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் அது தள்ளும். கீழே சுற்றிய காற்று மறுபடி மேலே காயிலுக்கே திரும்பும். கதவு இரண்டு இருந்தாலும் உள்ளே ஓடுவது ஒரே காற்று. கீழே நறுக்கிய வெங்காயத்தைத் தட்டு போட்டு மூடினால் ஓரத்து இடைவெளியே அதற்குப் போதும். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனிக் காயில் வைத்த மாடல்களும் உண்டு, அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

கட்டி தேய்வதும் இதே காற்றால்தான். காயில் மேல் ஈரத்தை விட்டுவிட்டு வரும் காற்று மிகவும் காய்ந்தது. அது ஐஸ் மேல் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஐஸ் உருகாமல் நேராக ஆவியாகப் போகும். காயிலில் படியும் பனியை உருக்க அவ்வப்போது ஒரு ஹீட்டரும் ஓடும், அப்போது ஃப்ரீசருக்குள்ளும் சூடு கொஞ்சம் ஏறி இறங்கும். ஆக, உங்கள் கட்டி தேய்கிறது என்றால் அதன் மேல் காற்று நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் காற்று வாடையையும் கொண்டு வரும். மூடி வைத்தால் இரண்டும் நிற்கும்.

காற்று வழியாக வருகிறது என்றால் முதல் வேலை வெங்காயத்தை அடைப்பது. கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி. மெல்லிய பிளாஸ்டிக் பையில் எத்தனை சுற்று சுற்றினாலும் வெங்காயமும் பூண்டும் அதை ஊடுருவி வெளியே வரும். பிளாஸ்டிக் டப்பாவும் நாளடைவில் வாடையை உறிஞ்சி, கழுவின பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பூண்டு டப்பாவைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, ஒரு நாள் மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ரிட்ஜைக் கழுவுவது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உள்பக்கம் முழுவதும் துடையுங்கள். கதவு ரப்பரை மடிப்பு மடிப்பாக விரித்துத் துடையுங்கள். கறுப்புப் பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும். ரப்பர் சரியாக ஒட்டாவிட்டால் ஈரக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும், தானாக நழுவினால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கீழ்ப்பகுதிப் பின்சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டை தெரிந்தால் அதில் உணவுத் துணுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, வெந்நீர் கொஞ்சம் ஊற்றி விடுங்கள். அந்தத் தண்ணீர் பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தட்டில் போய்ச் சேரும். அந்தத் தட்டை யாரும் பார்ப்பதே இல்லை, நான் திறந்த ஃப்ரிட்ஜ்களில் பாதிக்கு மேல் அது பாசி பிடித்துத்தான் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிகிற மாதிரி இருந்தால் கழுவுங்கள்.

இரவுப்பணி தம்பி சொன்ன சோடா கெடுதல் இல்லை. ஆனால் வெங்காயம் திறந்து கிடக்கும்போது சோடா வைப்பதில் பலன் கிடையாது. முதலில் அடைக்க வேண்டும், அப்புறம்தான் மிச்சத்தைச் சோடா பார்த்துக்கொள்ளும்.

ஐஸ் விஷயத்தில் ஒரே பழக்கம்: உறைந்ததும் ட்ரேயிலிருந்து கழற்றி, இறுக மூடும் சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். ட்ரே ஐஸை உறைய வைக்க மட்டும்தான், சேமிக்க இல்லை. டப்பாவை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிடுங்கள். சூடான டப்பாவில் கொட்டினால் மேல்பக்கம் லேசாக உருகி, மறுபடி உறைந்து, எல்லாம் ஒரே பாறையாகிவிடும். டப்பா அளவு சின்னதாக, ஐஸ் நிறைய இருக்கட்டும். காலி இடம் குறைந்தால் உள்ளே அடைபடும் காற்றும் குறையும். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள், வாடையைப் பிடித்து வைப்பதில் அது ட்ரேக்குச் சளைத்தது இல்லை.

இன்றைக்கே அம்மாவுக்கு வேண்டும் என்றால், கட்டியைக் கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடுங்கள். காற்றிலிருந்து வந்த வாடை பெரும்பாலும் மேல்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும், அந்தப் படலம் கரைந்தால் உள்ளே இருப்பது சுத்தமாக இருக்கும். ட்ரேயோ தண்ணீரோ காரணம் என்றால் அலசி முழுசாகப் போகாது.

கரும்பலகை

பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். அண்ணன் சொன்னதில் ஏன் அப்படி என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

முழு வெங்காயம் ஃப்ரிட்ஜில் கிடந்தால் பெரிதாக வாடை விடாது. நறுக்கும்போது செல்கள் உடைந்து, தனித்தனி அறையில் இருந்த ஒரு நொதியும் கந்தகம் உள்ள சேர்மங்களும் கலக்கின்றன. அப்போது உண்டாகும் புதிய சேர்மங்கள் எளிதில் ஆவியாகிறவை. பூண்டிலும் இதுவேதான். கந்தகச் சேர்மங்கள் காற்றில் மிக மிகக் குறைவாக இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் "கொஞ்சம்தானே" என்று விட முடியாத வாடை இது.

ஐஸ் கெட்டியானதுதானே, வாடை எப்படி ஒட்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். 1850-ல் மைக்கேல் ஃபாரடே, இரண்டு ஐஸ் துண்டுகள் தொட்டதும் ஒட்டிக்கொள்வதைக் கவனித்து, ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது என்று சொன்னார். உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேல்பரப்பில் சில அடுக்கு மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல இறுகாமல் தளர்வாகவே இருக்கின்றன. காற்றில் வரும் மூலக்கூறுகளுக்கு ஒட்ட இடம் கிடைப்பது அங்கேதான். ஆனால் அதற்கும் முன்பே, ட்ரேயில் ஊற்றிய தண்ணீர் உறைய எடுக்கும் சில மணி நேரம் அது திறந்த திரவம். அப்போது கரைகிற வாடை ஐஸுக்கு உள்ளேயே போய்விடும், அலசினாலும் வராது. அதனால் உறைந்த பிறகு டப்பாவுக்கு மாற்றினால் மட்டும் போதாது, உறையும்போதே மூடியிருக்க வேண்டும். மூடியுள்ள ட்ரே, அல்லது ட்ரேயை அப்படியே ஒரு டப்பாவுக்குள் வைப்பது.

சிலிகானைப் பற்றி. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமில்லாமல் அடுக்கப்பட்டவை, வாயுக்கள் அதற்குள் தாராளமாக ஊடுருவும். எண்ணெய்த் தன்மையுள்ள வாசனைச் சேர்மங்கள் பஞ்சில் தண்ணீர் ஏறுவது மாதிரி ஏறிக்கொள்ளும். மேலே சோப்புப் போட்டால் மேலே இருப்பதுதான் போகும். வாசனை தூக்கலான சோப்பாக இருந்தால் அந்த வாசனையும் ஏறிக்கொள்ளும். உள்ளே போனதை வெளியே எடுக்கச் சூடுதான் வழி. ஓவன் இருந்தால், ட்ரேயில் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 175 டிகிரி செல்சியஸில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெறும் ட்ரேயை வைக்கலாம். பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில் பத்து, பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. அப்புறம் காற்றோட்டமாக உலரவிடுங்கள். இதற்குப் பிறகும் வெந்நீர் ஊற்றி முகர்ந்தால் வாடை வருகிறதா, அந்த ட்ரேயை ஐஸுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எவர்சில்வர் இதையெல்லாம் உறிஞ்சாது.

சோடா பற்றியும் ஒரு வார்த்தை. அது காரத்தன்மை உள்ளது, புளித்த பால் போன்ற அமில வாடைகளைப் பிடிக்கும். மீன் வாடைக்குக் காரணமான அமீன்களும் காரம்தான், அதனால் அங்கே சோடா தோற்கும், வினிகர் ஜெயிக்கும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்களில் பல அமிலமும் இல்லை, காரமும் இல்லை, அவற்றுக்குச் சோடாவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அங்கே உதவுவது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறையும்படி பதப்படுத்திய கரி. ஒரு கிராம் கார்பனின் உட்பரப்பு பல நூறு சதுர மீட்டர், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். துணிப்பையில் போட்டுக் கீழ்ப்பகுதியில், வெங்காய ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுப்புக்கரி அந்த அளவுக்கு வேலை செய்யாது.

மாடிவீடு

அண்ணா, டீச்சர், இரவுப்பணி, மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனையைச் செய்துவிட்டேன். வெளியே வைத்த தண்ணீரில் ஒன்றுமில்லை. மூடிய சில்வர் டப்பாவிலும் ஒன்றுமில்லை. டப்பாவுக்குள் வைத்த சிலிகான் ட்ரேயில் நல்ல வாடை, திறந்த கிண்ணத்தில் லேசான வாடை. காலி ட்ரேயில் வெந்நீர் ஊற்றி முகர்ந்தேன், அடித்த அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ட்ரேயை இனி இதற்கு எடுப்பதாக இல்லை. மூடிய சில்வர் டப்பாவில் உறைந்த ஐஸை உடைத்துக் கொடுத்தேன். அம்மா துப்பவில்லை.

அம்மாவுக்காகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் இனி ஐஸ் போடப் போகிறேன். அதில் இரண்டு சந்தேகம். கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது, உருகினால் அடியில் வெள்ளைத் துகள் நிற்கிறது. கொதிக்கவைத்தாலும் அப்படியே இருக்கிறது. இது என்ன? அப்புறம், ஒரு முறை போட்ட ஐஸை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

பழைய மெக்கானிக்

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. திறந்த கிண்ணத்தில் லேசாக வந்தது என்றீர்களே, அதையும் விட்டுவிடாதீர்கள். ட்ரே மாறினாலும் வெங்காயம் அங்கேயே இருந்தால் மறுபடி வரும்.

வெள்ளைத் துகள் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. தண்ணீர் உறையும்போது சுத்தமான தண்ணீர் முதலில் கட்டியாகி, கரைந்திருக்கும் உப்புகளையும் காற்றையும் தள்ளிக்கொண்டே போகும். ட்ரேயில் எல்லாப் பக்கமிருந்தும் உறைவதால் தள்ளப்பட்டதெல்லாம் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் மாட்டிக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். அங்கே செறிவு கூடிய சுண்ணாம்பு துகளாகப் படிந்துவிடுகிறது, உருகிய பிறகும் கரைவதில்லை. குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் அம்மாவின் வாய் இருக்கும் நிலையில் நறநறப்பு தொந்தரவாக இருக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி, முழுசாக ஆறும்வரை அசைக்காமல் வைத்துவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கும். எல்லாம் போகாது, குறையும்.

நடுவில் வெள்ளையே இல்லாத ஐஸ் வேண்டுமென்றால் ஒரே பக்கமிருந்து உறைய வைக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டி மாதிரி சுற்றிலும் குளிர் ஏறாத ஒன்றுக்குள், மேல்பக்கம் மட்டும் குளிர் படும்படி ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்தால் மேலிருந்து கீழாக உறையும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே எடுத்து அதைக் கொட்டிவிட்டால் கண்ணாடி மாதிரிக் கட்டி கிடைக்கும். இதில் மேல்பக்கம் திறந்திருக்கும் என்பதால் வாடை இல்லாத ஃப்ரீசரில்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு இப்போது இந்த வேலை தேவையில்லை.

ஆறாத வெந்நீரை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உள்ளே நீராவி ஏறிப் பனி படியும், பக்கத்தில் இருக்கும் பொருளும் இளகும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். அந்தக் குளிரில் கிருமி வளராது, அதற்காகச் செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது, உருகினால் மறுபடி விழித்துக்கொள்ளும். ஐஸ் கெட்டுப்போகிற பொருள் இல்லை, ருசிதான் போகும். இறுக மூடியிருந்தால் இரண்டு மாதம்கூட வைக்கலாம் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு என்றால் நான் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுவேன். டப்பாவில் ஒரு ஒட்டுத்தாளில் தேதி எழுதுங்கள், பழசை முடித்த பிறகு புதுசைத் திறங்கள். பழைய ஐஸ் மேலேயே புதுசைக் கொட்டிக்கொண்டு போனால் அடியில் இருப்பது எப்போது போட்டது என்றே தெரியாமல் கிடக்கும்.

மின்சாரம் போய்க் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகி இருந்தால் அது உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். அதே ஃப்ரீசரில் இறைச்சி, மீன் இருந்து அதன் தண்ணீர் எங்கேயாவது வடிந்திருந்தால் யோசிக்காமல் ஐஸைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவுங்கள்.

வார்டு செவிலி

புற்றுநோய் வார்டில் வேலை செய்கிறேன். ஐஸ் பற்றி நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை சரியானதுதான், உங்கள் அம்மாவுக்கு அது மருந்தோடு சேர்ந்தது.

முதலில் ஒன்று. கீமோவில் எல்லா மருந்துக்கும் ஐஸ் பொருந்தாது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றுகிறவர்களுக்குக் குளிர்ச்சி பட்டால் தொண்டையிலும் விரல்களிலும் கூச்சமும் மரத்துப்போவதும் வரும், அவர்கள் சில நாள் ஐஸைத் தொடவே கூடாது. உங்களுக்கு மருத்துவமனையிலேயே சொல்லியிருப்பதால் இப்போதைக்குச் சரிதான். பின்னால் மருந்து மாறினால் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கொதித்த தண்ணீரைக் கையோ கரண்டியோ விட்டு மொண்டு எடுத்தால் கொதிக்கவைத்ததற்கே பலன் இல்லை. சாய்த்து ஊற்றுங்கள். இந்தச் சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் குறையும் நாட்கள் உண்டு, அப்போது மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவர்களைப் படுக்கவைத்துவிடும். அம்மாவின் ஐஸ் டப்பா தனியாக இருக்கட்டும், வீட்டில் மற்றவர்கள் கைவிட்டு எடுக்க வேண்டாம். எடுக்க ஒரு இடுக்கி, அதையும் டப்பாவுக்குள்ளேயே போட்டு வைக்காமல் கழுவி வெளியே வையுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே வாயில் வைத்தால் உதட்டிலும் நாக்கிலும் பிடித்து இழுக்கும், உலர்ந்த வாயில் தோல் உரியவும் கூடும். மெக்கானிக் அண்ணன் சொன்ன அந்த அலசல் இதற்கும் நல்லது. மேல்பக்கம் லேசாக உருகியதும் ஒட்டாது, கூர்மையான ஓரமும் மழுங்கிவிடும். பெரிய கட்டியைவிடச் சின்னச் சில்லுகள் வாய் முழுக்கப் பரவும். சுத்தமான துணியில் சுற்றித் தட்டுவதைவிட, ஆரம்பத்திலேயே டப்பாவில் அரை விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி மெல்லிய தகடாக உறையவைத்தால் கையால் தொடாமல் டப்பாவைத் தட்டியே உடைக்கலாம்.

புதுக்குடித்தனம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் தானாக விழும் மெஷின் இருக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஐஸில் ஒரு பழைய வாடை. ட்ரே எதுவும் இல்லையே, இதற்கு என்ன செய்வது?

பழைய மெக்கானிக்

ட்ரே இல்லாவிட்டாலும் ஐஸ் விழும் தொட்டி இருக்கிறதே, அது பெரும்பாலும் திறந்த பிளாஸ்டிக்தான். நீங்கள் ஊரில் இல்லாத நாளெல்லாம் அதில் கிடக்கும் ஐஸ் ஃப்ரீசர் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது மெஷினை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். மாதம் ஒரு முறை தொட்டியைக் கழற்றி, வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் முதலில் விழும் கட்டிகள் அடியோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஃபில்டர். தண்ணீர் வரும் வழியில் இருக்கும் கார்பன் ஃபில்டர் க்ளோரினை எடுத்துவிடும், ருசி நன்றாக இருக்கும். ஆனால் கிருமியைத் தடுக்கத்தான் தண்ணீரில் க்ளோரின் போடுகிறார்கள். ஃபில்டரைத் தாண்டிய பிறகு அந்தக் காவல் இல்லை. அதனால் குழாயில் பல நாள் தேங்கி நிற்கும் தண்ணீரில் வாடை வரும், வழவழப்பும் பிடிக்கும். ஊரிலிருந்து வந்ததும் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள். ஃபில்டரைப் பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதைவிடத் தள்ளிப்போட வேண்டாம். புது ஃபில்டர் மாட்டியதும் கறுப்பாகக் கரித்தூள் கொஞ்சம் வரும், அது நிற்கும்வரை சில லிட்டர் ஓடவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும்.